64 கட்டங்களுக்குள் மடிந்திருக்கும் எண்

1,84,46,74,40,73,70,95,51,615.

இப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் கண் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். மொத்தம் 20 இலக்கங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம்: 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி, அதற்கு மேல் 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடி, அதற்கும் மேல் 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. சொல்லி முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது.

ஆனாலும் இது நாம் சிறுவயதிலேயே கதையில் சந்தித்த எண்தான். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் 1 அரிசி, அடுத்ததில் 2, அதற்கடுத்து 4, பிறகு 8 என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்துக்கொண்டே போனால், 64 கட்டங்களிலும் சேர்த்துக் கிடைக்கும் மொத்த அரிசி இதுதான். அரசனிடம் பரிசாக இதைக் கேட்ட அறிஞரின் பெயர் சிஸ்ஸா என்று 13ஆம் நூற்றாண்டு அரபு எழுத்தாளர் இப்னு கல்லிகான் எழுதினார். அவருக்கும் முன்னதாக, ஏறத்தாழ கி.பி. 1000இல், அல்பிரூனி இந்த மொத்தத்தைக் கடைசி இலக்கம் வரை கணக்கிட்டு எழுதியிருக்கிறார். நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலில் பால்பாயசம் வழங்குவதற்கும் இதே கதையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அரசன் பட்ட அரிசிக் கடனுக்கு ஈடாக நாள்தோறும் பாயசம்.

எந்த ஊரில் சொன்னாலும், ‘எண் அவ்வளவு பெரியது’ என்ற வியப்போடு கதை முடிந்துவிடுகிறது. எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. நாம் பார்ப்போம். கூட்டலும் பெருக்கலும், வகுத்தால் வரும் மீதியும் தெரிந்தால் போதும். ஓர் எண்ணின் இயல்பைத் தீர்மானிப்பதில் அதன் அளவைவிட அது உருவான விதத்துக்கே பங்கு அதிகம் என்பதை இந்த எண் அழகாகக் காட்டித் தருகிறது.

மொத்தத்தைக் கூட்ட ஒரு குறுக்குவழி

64 எண்களை எழுதிக் கூட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு கட்டங்களின் மொத்தம் 1 + 2 = 3. மூன்று கட்டங்களுக்கு 7. நான்கு கட்டங்களுக்கு 15. ஒவ்வொரு முறையும் மொத்தம், அடுத்த கட்டத்தில் வரவேண்டிய அரிசியைவிட ஒன்று குறைவாக இருக்கிறது.

காரணம் எளிது. வெளியிலிருந்து ஒரே ஓர் அரிசியை இரவல் வாங்கி முதல் கட்டத்தில் வையுங்கள். 1 + 1 = 2. அந்த இரண்டையும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளினால் 2 + 2 = 4. அதையும் தள்ளினால் 4 + 4 = 8. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் 64 கட்டங்களும் காலியாகி, பலகைக்கு வெளியே 65ஆம் கட்டம் ஒன்று இருந்தால் அதில் எவ்வளவு வரவேண்டுமோ அவ்வளவும் குவிந்துவிடும். அது 2-ஐ 64 முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண். இரவல் அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மீதமிருப்பது நம் மொத்தம். ஆக நம் எண் 2-இன் 64ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தது.

அந்த அடுக்கைக் கணக்கிட 64 முறை பெருக்கவும் வேண்டாம். 2-ஐ அதனாலேயே பெருக்கினால் 4. 4-ஐ 4ஆல் பெருக்கினால் 16. பிறகு 256, 65,536, 4,29,49,67,296. இன்னும் ஒருமுறை அதை அதனாலேயே பெருக்கினால் 64ஆம் அடுக்கு வந்துவிடும். ஆறே பெருக்கல்கள். இரட்டைப்படை அடுக்கைப் பாதியாக்கி வர்க்கப்படுத்தும் இந்த முறையை, செய்யுள்களில் குறில் நெடில் அமையும் வகைகளை எண்ணுவதற்காகப் பிங்கலர் தம் சமஸ்கிருத யாப்பு நூலில் பண்டைக் காலத்திலேயே தந்திருக்கிறார்.

அரிசியாக நிறுத்துப் பார்த்தால்

1 கிராமுக்கு 50 அரிசி என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரமான அரிசிக்கு இது பொருந்தும்.

பலகையின் முதல் வரிசையில் 8 கட்டங்கள், 255 அரிசி, 5 கிராம். விரல் நுனியில் அள்ளிவிடலாம். இரண்டு வரிசைகள் நிரம்பினால் 65,535 அரிசி, 1 கிலோ 310 கிராம். ஒரு வீட்டின் ஒருவேளைச் சோற்றுக்குப் போதும். மூன்று வரிசைகளுக்கு 335 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் 13-க்குச் சற்று மேல். நான்கு வரிசைகள், அதாவது பாதிப் பலகை நிரம்பும்போது 429 கோடி அரிசி, ஏறத்தாழ 86 டன். சில லாரிகளில் ஏற்றிவிடலாம். அரசன் இதுவரை முகம் சுளித்திருக்க மாட்டான்.

முழுப் பலகையும் நிரம்பினால் 36,800 கோடி டன்னுக்கு மேல். இன்று உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளையும் அரிசி ஏறத்தாழ 50 கோடி டன். அந்த விளைச்சலை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டே வந்தாலும் பலகை நிரம்ப 700 ஆண்டுகளுக்கு மேலாகும்.

பாதி வரை 86 டன், மறுபாதியில் உலகமே தாங்காத அளவு. இந்த மறுபாதி முதல் பாதியைப் போல் எத்தனை மடங்கு? மிகச் சரியாக 4,29,49,67,296 மடங்கு. எண்ணின் உள்கட்டமைப்பு இந்தக் கேள்வியிலிருந்துதான் திறக்கிறது.

பலகையை மடிப்போம்

முதல் வரிசையைப் பாருங்கள்: 1, 2, 4, 8, 16, 32, 64, 128. இரண்டாம் வரிசை 256, 512, 1,024 என்று தொடங்குகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் முதல் வரிசையில் அதே இடத்தில் உள்ள கட்டத்தோடு ஒப்பிட்டால், எங்கும் 256 மடங்கு. ஆகவே இரண்டாம் வரிசை முழுவதும் முதல் வரிசையைப் போல் 256 மடங்கு. இரண்டையும் சேர்த்தால் 1 + 256 = 257 மடங்கு. அதாவது 65,535 = 255 × 257. கூட்டலாக இருந்தது பெருக்கலாக மாறிவிட்டது.

இதே கண்ணோடு பலகை முழுவதையும் பார்க்கலாம். மூன்றாம், நான்காம் வரிசைகள் சேர்ந்து முதலிரண்டு வரிசைகளைப் போல் 65,536 மடங்கு. ஆகவே பாதிப் பலகையின் மொத்தம் 65,535 × 65,537. கீழ்ப்பாதி மேற்பாதியைப் போல் 4,29,49,67,296 மடங்கு. ஆகவே முழுப் பலகை, பாதிப் பலகையை 4,29,49,67,297ஆல் பெருக்கியது.

முதல் வரிசைக்குள்ளும் இப்படி மடிக்கலாம். முதல் நான்கு கட்டங்களில் 15, அடுத்த நான்கில் அதுபோல் 16 மடங்கு: 15 × 17 = 255. அந்த நான்கையும் இரண்டிரண்டாகப் பிரித்தால் 3 × 5 = 15. முதல் இரண்டில் 1 × 3 = 3.

ஒரு தாளை ஆறு முறை பாதி பாதியாக மடித்ததுபோல் 64 கட்டங்களும் ஒரு கட்டத்தில் வந்து நின்றுவிட்டன. ‘மடங்கு’ என்ற தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே மடிப்பு இருக்கிறது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மடிப்புகளை வரிசையாக எழுதினால் நம் எண்:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,29,49,67,297.

20 இலக்க எண்ணை எந்தக் கருவியும் இல்லாமல் ஆறு துண்டுகளாகப் பிரித்துவிட்டோம். எண் 5-இல் முடிவதால் 5ஆல் வகுபடும் என்பதும், இலக்கங்களைக் கூட்டினால் 87 வருவதால் 3ஆல் வகுபடும் என்பதும் பள்ளியில் படித்த சோதனைகள். 257-உம் 65,537-உம் அப்படிப்பட்ட சோதனைகளுக்கு அகப்படாதவை. அவற்றை வெளியே கொண்டுவந்தது மடிப்புதான்.

ஃபெர்மாவின் நம்பிக்கையும் 641-உம்

இந்த ஆறு துண்டுகளும் பிரெஞ்சுக் கணிதர் பியர் ஃபெர்மாவின் பெயரால் அழைக்கப்படுகின்றன. 1640இல் அவர் எழுதிய கடிதங்களில் இவற்றைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னார். 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். தன்னாலும் 1ஆலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. எனவே இந்த வரிசையில் அடுத்தடுத்து வருபவையும் பகா எண்களாகவே இருக்கும் என்று அவர் நம்பினார். நிறுவ முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

வரிசையில் அடுத்தது 4,29,49,67,297. சுமார் 90 ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. 1729 டிசம்பரில் கணிதர் கோல்ட்பாக், ஃபெர்மாவின் இந்தக் கருத்தை அறிவீர்களா என்று இளம் கணிதர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். 1732இல் ஆய்லர் விடையோடு வந்தார். அந்த எண் 641ஆல் வகுபடுகிறது.

இதை நீங்களே ஒரு துண்டுத் தாளில் சரிபார்க்கலாம். 10 இலக்க எண்ணை வகுக்க வேண்டாம். மீதியை மட்டும் பின்தொடர்ந்தால் போதும். ஓர் எண்ணில் 641-இன் முழு மடங்குகளைத் தூக்கி எறிந்துவிட்டு எஞ்சியதை வைத்துப் பெருக்கினாலும் கடைசி மீதி மாறாது.

2-இன் 8ஆம் அடுக்கு 256. இது 641-ஐவிடச் சிறியது. அப்படியே இருக்கட்டும்.

16ஆம் அடுக்கு 256 × 256 = 65,536. அதில் 641 × 102 = 65,382 போக மீதி 154.

32ஆம் அடுக்குக்கு 154 × 154 = 23,716. அதில் 641 × 36 = 23,076 போக மீதி 640.

நம் எண் 32ஆம் அடுக்கோடு 1 சேர்த்தது. 640 + 1 = 641. மீதி இல்லை.

மூன்று வரிக் கணக்கில் முடிந்துவிட்டது. சரி, 641-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? 3, 7, 11 என்று பகா எண்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால் 641-க்கு வர நூற்றுக்கு மேற்பட்ட வகுத்தல்கள் ஆகும். ஆய்லர் நிறுவிய ஒரு விதி அதைச் சுருக்கிவிடுகிறது. 4,29,49,67,297-க்குப் பகா காரணி ஏதேனும் இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகின்றன. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஐந்தாவது சோதனையிலேயே கதவு திறக்கிறது. இந்த விதி நிற்பதோ ஃபெர்மாவே கண்டறிந்த ஒரு தேற்றத்தின் மேல். தவறிய கணிப்பைத் திருத்தும் கருவியையும் அவரே விட்டுச்சென்றிருந்தார்.

641ஆல் வகுத்தால் கிடைப்பது 67,00,417. அது பகா எண்ணா என்பதையும் இதே விதியால் பார்த்துவிடலாம். அதன் வர்க்கமூலம் 2,588-க்குச் சற்று மேல். 64ஆல் வகுத்தால் 1 மீதி வரும் பகா எண்களில் அந்த எல்லைக்குள் இன்னும் பார்க்க வேண்டியவை 641, 769, 1,153, 1,217, 1,409, 1,601, 2,113 என்ற ஏழு மட்டுமே. ஏழும் 67,00,417-ஐ வகுக்கவில்லை. அது பகா எண்தான்.

ஆக, நம் பெரிய எண் முற்றாகப் பிரிந்துவிட்டது:

3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 67,00,417.

ஃபெர்மாவின் வரிசையில் 65,537-க்குப் பிறகு வேறு பகா எண் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. முதல் துண்டான 3-ஐ 0 என்று எண்ணத் தொடங்கினால், 5 முதல் 32 வரையிலான இடங்களில் உள்ள எண்கள் அனைத்தும் பகு எண்கள் என்று நிறுவப்பட்டுவிட்டது. 33ஆவது எந்த வகை என்பது இன்னும் திறந்த கேள்வி.

128 விதமான பங்கீடு

காரணி என்பது சமமாகப் பங்கிடுவதற்கான வழி. பலகையின் அரிசி முழுவதையும் 3 ஊர்களுக்குப் பங்கிட்டால் ஓர் அரிசிகூட மிஞ்சாது. 5 ஊர்களுக்கும் அப்படியே. 15-க்கும், 17-க்கும், 51-க்கும், 641-க்கும் அப்படியே. ஆனால் 7 ஊர்களுக்குப் பங்கிட்டால் ஓர் அரிசி மிஞ்சும்.

மீதியின்றிப் பங்கிட எத்தனை வழிகள்? ஏழு பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஒரு காரணியை உருவாக்கும்போது ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். இரண்டே தெரிவுகள், ஏழு முறை. 2 × 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 128. இரட்டித்து உருவான எண்ணின் காரணிகளும் இரட்டித்தே எண்ணப்படுகின்றன. அந்த 128 முதல் வரிசையின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் அரிசியின் எண்ணிக்கையும்கூட.

பாதிப் பலகையும் கவராயமும்

இப்போது பாதிப் பலகையை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 4,29,49,67,295 = 3 × 5 × 17 × 257 × 65,537. கணித வரலாற்றின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று இந்த எண்ணோடு பிணைந்திருக்கிறது.

அளவு குறிக்காத ஒரு நேர்கோல், ஒரு கவராயம். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாப் பக்கங்களும் சமமான முக்கோணம் வரையலாம். ஐங்கோணம் வரையலாம். இரண்டையும் இணைத்து 15 பக்கப் பலகோணமும் வரையலாம். இவை கிரேக்கர்களுக்குத் தெரிந்தவை. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்கான பலகோணங்களில் அதற்கு மேல் ஒன்றைக்கூட ஈராயிரம் ஆண்டுகளாக யாரும் வரைந்து காட்டவில்லை.

1796 மார்ச் 30 அன்று, 19 வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்த கார்ல் ஃபிரீட்ரிஷ் காஸ், 17 பக்கங்கள் கொண்ட பலகோணத்தை நேர்கோலாலும் கவராயத்தாலும் வரைய முடியும் என்று கண்டார். கணிதத்தையே வாழ்வாகத் தேர்ந்தெடுக்க அவரைத் தூண்டிய கண்டுபிடிப்பு அது. 1801இல் வெளியான தம் நூலில் அவர் அதைப் பொதுவிதியாக எழுதினார். பக்கங்களின் எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் வரையலாம். அதை மீண்டும் மீண்டும் இரட்டிக்கவும் செய்யலாம். வேறு எந்த ஒற்றைப்படை எண்ணுக்கும் முடியாது என்பதற்கான முழு நிறுவலை 1837இல் பியர் வான்ட்ஸெல் தந்தார்.

தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே. அவற்றின் பெருக்கல்தான் பாதிப் பலகையின் அரிசி. ஆகவே பாதிப் பலகை எண்ணின் 32 காரணிகளில் 1-ஐ விட்டால் எஞ்சும் 31-உம், கவராயத்தால் வரைய முடியும் என்று இன்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களின் முழுப் பட்டியல். அதில் மிகப் பெரியதற்கு 4,29,49,67,295 பக்கங்கள். பரிசு அரிசியை எண்ணப் போன இடத்தில் வடிவியலின் ஒரு முழு அட்டவணை காத்திருக்கிறது.

மூன்று கட்டம் முன்னே, மூன்று கட்டம் பின்னே

இவ்வளவு எளிதாகப் பிரிந்ததால் பெரிய எண்கள் எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பலகையில் கொஞ்சம் நகர்ந்து பார்ப்போம்.

61ஆம் கட்டத்தோடு நிறுத்தினால் மொத்தம் 23,05,84,30,09,21,36,93,951. நம் எண்ணில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அது பகா எண். 1883இல் இவான் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் இதைக் காட்டினார். 64 கட்டங்களின் அரிசியை 128 விதமாகப் பங்கிட முடிந்த நமக்கு, 61 கட்டங்களின் அரிசியை இரண்டு விதமாக மட்டுமே பங்கிட முடியும். எல்லாம் ஒருவருக்கு, அல்லது ஆளுக்கு ஓர் அரிசி.

பலகையை நீட்டி 67 கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 14,75,73,95,25,89,67,64,12,927. 17ஆம் நூற்றாண்டில் மெர்சென் என்ற அறிஞர், இத்தகைய மொத்தங்களில் பகா எண்கள் எவை என்ற தம் பட்டியலில் இதையும் பகா எண் என்று எழுதினார். 1876இல் எதுவார் லூக்கா அது பகா எண் அல்ல என்று நிறுவினார். ஆனால் அவருடைய முறை காரணிகளைக் காட்டித் தராது. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் ஒன்றில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போனார். ஒருபுறம் 2-இன் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 1-ஐக் கழித்தார். மறுபுறம் 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287ஆல் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தன. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார் என்றும், அவையினர் கைதட்டினார்கள் என்றும் சொல்வார்கள்.

61, 64, 67. அளவில் மூன்றும் பங்காளிகள். ஆனால் ஒன்று பிரியவே பிரியாது. ஒன்று ஏழு துண்டுகளாக உதிர்கிறது. ஒன்று பெரும் உழைப்புக்குப் பிறகு இரண்டாகப் பிளக்கிறது. வேறுபாடு கட்டங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. 64-ஐ ஆறு முறை பாதியாக மடிக்கலாம். 61-உம் 67-உம் பகா எண்கள். அத்தனை கட்டங்களைச் சம அளவான துண்டுகளாக மடிக்க வழியில்லை. மடிப்பு இல்லாத இடத்தில் நமக்குக் குறுக்குவழியும் இல்லை.

நம் கைக்குள் இருக்கும் பலகை

இன்றைய கைபேசிகளும் கணினிகளும் பெரும்பாலும் 64 பிட் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. ஒரு பிட் என்பது 0 அல்லது 1. சதுரங்கப் பலகையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விளக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எரியும் விளக்குகளின் அரிசியை மட்டும் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். எல்லா விளக்கும் எரிந்தால் வருவது நம் 20 இலக்க எண். 64 பிட்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் அதுதான்.

பலகை எவ்வளவு பெரியது என்பது அன்றாட வாழ்க்கையைத் தொடும் கேள்வி. பழைய கணினிகள் பல, 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை 32 பிட்களில் எண்ணுகின்றன. அதில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிஞ்சுவது 31 கட்டங்கள், 2,14,74,83,647 விநாடிகள். இதுவும் ஒரு பகா எண்தான் என்று 1772இல் ஆய்லர் காட்டியிருக்கிறார். இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்தப் பலகை நிரம்பிவிடும். அடுத்த விநாடியில், திருத்தப்படாத கணினி 1901ஆம் ஆண்டுக்குப் போய் நிற்கும். 64 பிட்டுக்கு மாற்றினால் குறிக்கு ஒன்று போனாலும் 29,200 கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை. பேரண்டத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

நாம் பிரித்தெடுத்த துண்டுகளில் ஒன்றும் நாள்தோறும் உழைக்கிறது. இணையத்தில் பரிமாறும் செய்திகளைக் காக்க ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டுமுறை பரவலாகப் பயன்படுகிறது. அதில் செய்தியை ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்துவார்கள். அந்த அடுக்காகப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது 65,537. அது பகா எண். அதோடு விளக்குக் கணக்கில் அதற்கு இரண்டே விளக்குகள்தான் எரியும். எனவே 16 முறை வர்க்கப்படுத்தி ஒரு முறை பெருக்கினால் வேலை முடிகிறது. அந்தப் பூட்டின் உறுதி கோல் பட்ட பாட்டில் இருக்கிறது. எந்த மடிப்பும் இல்லாத இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கிவந்ததைத் திரும்பப் பிரிப்பது மிகக் கடினம். மடிப்புள்ள எண்ணைப் பூட்டுக்குப் பயன்படுத்தினால், நாம் ஆறே வரியில் பலகையைப் பிரித்ததுபோல் யாரும் பிரித்துவிடுவார்கள்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

பெரிய எண் ஒன்றைப் பார்த்ததும் எத்தனை இலக்கங்கள் என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், அது எப்படி உண்டானது என்று கேளுங்கள். பல நேரங்களில் பாதி விடை அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் 12 கட்டங்களோடு தொடங்குங்கள். மொத்தம் 4,095 அரிசி. நிறுத்தால் ஏறத்தாழ 82 கிராம், ஒரு கைப்பிடிக்குச் சற்று மேல். 12 கட்டங்களை ஆறு ஆறாக மடித்தால் முதல் ஆறில் 63, அடுத்த ஆறில் அதுபோல் 64 மடங்கு. ஆகவே 63 × 65. இப்போது அதே 12 கட்டங்களை நான்கு நான்காக மூன்று மடிப்பாக மடிக்கச் சொல்லுங்கள். முதல் நான்கில் 15, அடுத்த நான்கில் 16 மடங்கு, கடைசி நான்கில் 256 மடங்கு. ஆகவே 15 × 273. இரண்டு வெவ்வேறு மடிப்புகள். இரண்டையும் பகா எண்கள் வரை பிரித்துப் பாருங்கள். இரண்டு வழியிலும் வந்து நிற்பது 3 × 3 × 5 × 7 × 13. எப்படி மடித்தாலும் உள்ளே இருப்பது மாறவில்லை என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும்.